தூரிகையா, தைக்கோ மேளமா?

ஜப்பானில் ஆட்களை ஒன்று சேர்ப்பதில் எது கெட்டி: ஷோதோ என்னும் தூரிகை எழுத்துக்கலையா, தைக்கோ மேளமா? என் ஓட்டு தைக்கோவுக்குத்தான்.

பல அளவு மேளங்களைக் குழுவாக அடிக்கும் இன்றைய பாணி, ஜாஸ் டிரம்மர் தாய்ஹாச்சி ஒகுச்சி 1951-இல் நாகானோவில் தொடங்கியது. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் ஒரு பயிற்சிக்கூடம் வந்துவிட்டது. முழங்காலை லேசாக மடக்கி நின்று, பக்கத்தில் இருப்பவரின் கையைக் கவனித்து, ‘சோரே!’ என்று குரல் கொடுத்து அடிக்க வேண்டும். மொழி தெரியாதவரும் முதல் நாளே சேர்ந்துகொள்ளலாம்.

ஷோதோ அப்படியல்ல. மைக்கட்டியை நீர்விட்டுத் தேய்க்கும்போதே பேச்சு அடங்கிவிடும். ஆசிரியர் சிவப்பு மையில் திருத்துவதுதான் அங்கே உரையாடல். ஆனால் எஹிமே மாகாணத்தின் ஷிகோகுச்சுவோ நகரில் 2008 முதல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் குழுப்போட்டி நடக்கிறது. தரையில் விரித்த பெரிய தாளில், இசைக்கு ஏற்ப எல்லோரும் சேர்ந்து எழுதுகிறார்கள். அந்த வகை ஷோதோ என்றால் எனக்கும் சம்மதம்.