காப்புரிமை அலுவலகத்தின் 80 சதவீதக் கட்டணச் சலுகை: வேலூர்க் கல்லூரிகளுக்கு எவ்வளவு பயன்?

தமிழ்நாட்டுக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கவனிப்பது கிண்டியில் உள்ள சென்னை அலுவலகம். அதற்காக யாரும் காட்பாடியில் ரயிலேற வேண்டியதில்லை. விண்ணப்பம், கட்டணம், ஆட்சேபத்துக்குப் பதில் எல்லாமே இணையத்தில் முடிகிறது, விசாரணைகூட வீடியோவில்தான். கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து மட்டும் வேண்டும். இந்தச் சேவையில் 2021 செப்டம்பர் முதல் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கும் 80 சதவீதச் சலுகையைப் பற்றியே இந்த மதிப்புரை. தாக்கல் செய்வதற்கு இது மிக நல்ல சேவை. ஆனால் பேராசிரியரின் கண்டுபிடிப்பை ஒரு நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரிக்குமா என்பதைத் தீர்மானிக்கும் வேலைகளில் பாதி, அந்த போர்ட்டலைத் திறப்பதற்கு முன்பே கல்லூரிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

முதலில் காசுக் கணக்கு. விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், பரிசீலனை கேட்கும் ஃபார்ம் 18-க்கு 4,000 ரூபாய், ஆக 5,600. பெரிய நிறுவனம் இதற்கே 28,000 கட்டுகிறது. 30 பக்கத்தைத் தாண்டினால் பக்கத்துக்கு 160, பத்து கிளைமுக்கு (எதற்கெல்லாம் பாதுகாப்பு வேண்டும் என்று கோரும் வரிகள்) மேல் போனால் கிளைமுக்கு 320 கூடும். சலுகைக்கு ஃபார்ம் 28-ஐயும் கல்வி நிறுவனம் என்பதற்கான அங்கீகாரச் சான்றையும் இணைக்க வேண்டும். காப்புரிமை கிடைத்த பிறகு ஆண்டுக் கட்டணம்: 3 முதல் 6-ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800, பத்து வரை 2,400, பதினைந்து வரை 4,800, இருபது வரை 8,000. முழுக் காலமும் வைத்திருந்தால் 76,800 ரூபாய். ஏஜென்ட் கட்டணம் தனி. கிளைம் எழுதும் ஏஜென்ட்டுக்குச் செலவழிக்கத் தயங்கவே கூடாது. உரிமம் வாங்க வருகிறவர் படிப்பது அந்தக் கிளைம்களைத்தான்.

காப்புரிமை விதிகளில் விதி 7-இல் உள்ள ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நிலுவையில் உள்ள விண்ணப்பத்தைச் சலுகைக்குத் தகுதியில்லாத நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தால், இரண்டு கட்டணங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். உடைமையைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொண்டு உரிமம் மட்டும் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

இதைவிடப் பெரிய சிக்கல், கூட்டு விண்ணப்பம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் தோல் பதனிடும் ஆலையோடு சேர்ந்து ஆய்வு செய்வது இயல்பு. குரோமியக் கழிவைக் குறைக்கும் முறை ஒன்று கைகூடினால் கல்லூரி பெயரையும் ஆலை பெயரையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். ஆலை சிறு நிறுவனமாகவோ ஸ்டார்ட்அப்பாகவோ இல்லாவிட்டால் சலுகைக் கட்டணம் அங்கேயே போய்விடும். அதோடு காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 50-இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் அதைத் தாமே பயன்படுத்தலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மூன்றாம் நபருக்கு உரிமம் தர மட்டும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். கல்லூரி தொழிற்சாலை நடத்தப் போவதில்லை. ஆகவே ஆலை இலவசமாக ஓட்டும், கல்லூரி வேறு யாருக்கும் விற்க முடியாமல் நிற்கும். ஆய்வு தொடங்கும் நாளிலேயே இதற்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும்.

மாணவர்களின் கையெழுத்தும் அப்படித்தான். கண்டுபிடித்தவர்களிடமிருந்து உரிமை கல்லூரிக்கு வந்ததற்கான சான்றை, விண்ணப்பம் தாக்கல் செய்த ஆறு மாதத்துக்குள் தர வேண்டும். எம்.டெக் முடித்து வெளிநாடு போனவரை அப்போது தேடிப் பிடிப்பது பெரும்பாடு. விண்ணப்பத்தில் பெயர் எழுதும் அன்றே ஃபார்ம் 1-இல் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கட்டுரை வெளியிட்ட பிறகு வந்தால் கண்டுபிடிப்பு புதியதாகக் கருதப்படாது, பெரும்பாலும் காப்புரிமைக்கு வழியில்லை. அறிஞர் சங்கக் கூட்டத்தில் வாசித்த கட்டுரைக்கும், அரசு அறிவித்த கண்காட்சிக்கும் 12 மாத அவகாசம் உண்டு. சாதாரண ஆய்விதழுக்கு அதை நம்ப முடியாது. ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறிய முனைவர் பட்ட ஆய்வேடும் வெளியீடுதான். நேரம் இல்லையென்றால் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுங்கள். கட்டுரை அதற்குப் பிறகு போகட்டும்.

ஃபார்ம் 9 என்ற 2,500 ரூபாய் வசதியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. வழக்கமாக 18 மாதத்தில் நடக்கும் வெளியீட்டை அது ஒரு மாதத்துக்குள் கொண்டுவரும். கல்லூரி விளம்பரத்தில் ‘காப்புரிமை வெளியானது’ என்று போடலாம், அவ்வளவுதான். வெளியானது என்றால் கிடைத்தது என்று பொருளல்ல. அடுத்த ஆண்டு அதே குழு செய்யும் மேம்பாட்டுக்கு எதிராக அந்த வெளியீடே முன்னறிவாக, அதாவது ஏற்கெனவே தெரிந்த விஷயமாக, வந்து நிற்கும். விரைவுப் பரிசீலனையான ஃபார்ம் 18ஏ (8,000 ரூபாய்) பயனுள்ளது. ஆனால் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்ற அரசு நிறுவனங்களுக்கு இருக்கும் தகுதி, கல்வி நிறுவனம் என்பதால் மட்டும் தனியார் கல்லூரிக்கு வராது.

இரண்டு காலக்கெடுக்களில் பல விண்ணப்பங்கள் சாகின்றன. 2024 மார்ச் திருத்தத்தால் பரிசீலனை கேட்கும் கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்தது. பழைய கணக்கிலேயே இருந்தால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகிவிடும். அலுவலகம் ஆட்சேபங்களைச் சொல்லும் முதல் பரிசீலனை அறிக்கைக்கு ஆறு மாதத்தில் பதில் தர வேண்டும், கேட்டால் மூன்று மாதம் நீளும். அந்த மின்னஞ்சல் மாறிப்போன ஒருங்கிணைப்பாளரின் முகவரிக்குப் போய், பதில் தராமல் விட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும்.

ஜவ்வாது மலை மூலிகையில் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பாரம்பரிய அறிவைப் பிரிவு 3(p) விலக்குகிறது. உயிர்வளம் சார்ந்ததென்றால் காப்புரிமை கிடைக்கும் முன் தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிவும் வேண்டும்.

இந்தச் சேவை தராத ஒன்று, வாங்க ஆள் தேடித் தருவது. குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு வராமல் தடுக்கும் ரோட்டாவேக் மருந்தைப் பாருங்கள். அதன் 116ஈ வைரஸ் வகை 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் கண்டறியப்பட்டது. தயாரித்தது பாரத் பயோடெக். 6,799 குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. மருந்து வெளிவந்தது 2015-இல். ஆய்வகத்துக்கும் சந்தைக்கும் நடுவே இருந்த அந்த நீண்ட இடைவெளியை நிரப்பியது ஆய்வாளர்கள், அரசு, நிறுவனம் என்ற கூட்டு முயற்சி.

உரிமம் எழுதும்போது முன்பணம், நிகர விற்பனையில் ராயல்டி, குறைந்தபட்ச ஆண்டு ராயல்டி, எந்தப் பயன்பாடு, எந்தப் பகுதி என்று பிரித்து எழுதுங்கள். தனக்கு மட்டுமே உரிமம் (தனியுரிமம்) கேட்பவர் குறித்த காலத்துக்குள் தயாரிக்காவிட்டால் உரிமம் திரும்பிவிடும் என்ற வரி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். சில கிலோ தோலில் வந்த முடிவு, டன் கணக்கில் சுழலும் டிரம்மில் அப்படியே வராது. ஆகவே பேராசிரியர் எத்தனை நாள் ஆலைக்கு வந்து சரிசெய்து தருவார், அதற்கு என்ன கட்டணம் என்பதையும் தனி இணைப்பாகச் சேருங்கள். ஒப்பந்தத்தை ஃபார்ம் 16-இல் பதிவு செய்யாவிட்டால் பின்னாளில் வழக்கில் அதைச் சான்றாகக் காட்டுவது கடினம். காப்புரிமை பயன்பாட்டில் உள்ளதா என்று மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை ஃபார்ம் 27-இல் சொல்ல வேண்டும்.

ஆறாம் ஆண்டு முடிவதற்குள் யாரும் உரிமம் கேட்காவிட்டால், 800 ரூபாய் 2,400 ஆவதற்கு முன் கல்லூரிக் குழு கூடி வைத்திருப்பதா விடுவதா என்று முடிவெடுக்கலாம். நான்கு ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் 10 சதவீதம் குறையும். ஆனால் உரிமம் எடுக்க ஆள் கையெழுத்திட்ட பிறகு கட்டுவதே உத்தமம்.