கொள்ளிடக் கரை, வல்லம் மேடு: 40 எம்எம் ட்யூப்லெஸ் டயர் எப்படி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லணைக்குக் கிழக்கே ஆற்றுக் கரைகளிலும், வல்லம், செங்கிப்பட்டி, கந்தர்வக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் மேடுகளிலும் கிரேவல் சைக்கிள் (மண், சரளைத் தடத்துக்கு என்றே அகல டயரோடு வருவது) ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் காசு போட வேண்டியது டயரில்தான். சைக்கிள் கார்பனா அலுமினியமா, பின்னால் எத்தனை கியர் என்பதெல்லாம் அப்புறம். நான் ஓட்டுவது 700சி சக்கர அளவில், 40 எம்எம் அகல ட்யூப்லெஸ் டயர், அதாவது உள்ளே ட்யூப் இல்லாதது. நடுவில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் முடிச்சுகள், தாழ்வாக, நெருக்கமாக இருக்கும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். இதே அமைப்பில் பல கம்பெனிகள் செய்கிறார்கள், நான் சொல்லப்போவது அந்த வகை முழுவதற்கும் பொருந்தும் என்பதால் பிராண்டை விட்டுவிடுகிறேன்.

ஏன் டயர் என்று கேட்டால் ஒரே பதில், முள். ஆற்றுக் கரை நெடுகச் சீமைக்கருவேல், அதை வெட்டி அடுப்புக்கு எடுத்துப் போகிறவர்கள் வண்டியிலிருந்து உதிரும் சிறு கிளைகள், மழை நின்ற சில வாரங்களில் கரை ஓரத்தில் படரும் நெருஞ்சி. ட்யூப் போட்ட டயரில் இதில் போனால் எங்கே உட்கார்ந்து ஒட்டுவது என்று நிழல் தேடுவதிலேயே காலை போய்விடும். ட்யூப்லெஸ்ஸில் உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் என்ற ஓட்டை அடைக்கும் திரவம் இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. சீமைக்கருவேல முள் ஒன்று ஆழமாக ஏறியிருந்தது, இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் புஸ்ஸென்று வெள்ளையாகக் கொப்பளித்தது, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்ததும் நுரை சிறுத்துச் சிறுத்து நின்றேவிட்டது. கொஞ்சம் காற்று குறைந்திருந்தது, பம்பில் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நெருஞ்சி குத்தியது பெரும்பாலும் தெரியவே தெரியாது, வீட்டுக்கு வந்து டயரைத் துடைக்கும்போதுதான் அங்கங்கே ஈரப் புள்ளிகள் தெரியும்.

இரண்டாவது லாபம் காற்றழுத்தம். ட்யூப் இருந்தால், கல்லில் இடித்து ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிவிடுமோ என்று அழுத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். ட்யூப்லெஸ்ஸில் அந்தப் பயம் இல்லை. என் எடைக்கு முன்னால் 32, பின்னால் 36 பி.எஸ்.ஐ. சரியாக இருக்கிறது, எடை கூடினால் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளலாம். இந்த அழுத்தத்தில் கொள்ளிடத்தின் தென்கரையில் கல்லணையிலிருந்து கோவிலடி வரை போய்ப் பாருங்கள். காவிரியில் வெள்ளம் வந்தால் உபரி நீரைக் கொள்ளிடத்தில்தான் திருப்புவார்கள், அதனால் இந்தக் கரை நல்ல உயரம். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டியவரை மணலும் நாணலும், இன்னொரு பக்கம் கீழே வாழையும் வயலும். தார் போட்ட இடங்கள் போக மீதியெல்லாம் கல்லும் மண்ணும் கலந்த தடம், மாட்டு வண்டியும் டிராக்டரும் போட்ட இரண்டு கோடு. மெல்லிய ரோடு டயரில் கை மரத்துப்போகும் இடம் அது. 40 எம்எம்மில் தோள் இறுகாமல், கண்ணைத் தரையிலிருந்து எடுத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகலாம். எனக்கு இந்த டயர் பிடித்துப்போக அது ஒன்றே போதும். கோவிலடியில் அப்பக்குடத்தான் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பெருமாளுக்கு இரவில் அப்பம் படைக்கிற ஊர். அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு போனால் அசோகா அல்வா இருக்கிறது. சைக்கிள் ஓட்டிவிட்டுச் சாப்பிடப் பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

இப்போது குறைக்கு வருகிறேன். டெல்டாவின் வண்டல் களிமண் நனைந்துவிட்டால் இந்த டயர் உதவாது. பட்டன் நெருக்கமாக இருப்பதால் களி உள்ளே அப்பிக்கொண்டு வெளியே வராது, ஒரு பர்லாங்கு போவதற்குள் சக்கரம் உருண்டை பிடித்து ஃபோர்க்கில் முட்டி நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்தால் அடுத்த பத்தடியில் மறுபடியும் அதே கதை. பெரிய பட்டன் டயர் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், நான் அதை ஏற்கவில்லை. அந்த மண்ணில் கேஜ் வீல் போட்ட டிராக்டர்தான் போகும், சைக்கிள் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் மண் கரையைத் தொடாதீர்கள். நமக்கு மட்டும் இல்லை, ஈரக் கரையில் விழும் ஒவ்வொரு தடமும் மழைநீர் அரித்து ஓட வழி செய்கிறது, அந்தக் கரையை நம்பித்தான் கீழே ஊர் இருக்கிறது.

அந்த மாதங்களில் தெற்கே மேட்டுக்குப் போங்கள். இதற்கு எல்லைக்கோடு மாதிரி இருப்பது புதாறு, அதாவது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணை 1934-ல் முடிந்த காலத்தில், காவிரித் தண்ணீர் எட்டாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குப் பாசனம் தர வெட்டியது. கல்லணையில் கிளம்பிப் பூதலூர் வழியாகத் தஞ்சாவூருக்கு வருகிறது. கால்வாய்க்குள் பல இடத்தில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள், ஆனாலும் கரைத் தடம் ஓட்ட நன்றாகவே இருக்கிறது. அதைத் தாண்டித் தெற்கே போகப் போக மண் நிறம் மாறும். வல்லத்தில் சிவந்துவிடும். செம்புறாங்கல் உதிர்ந்து பட்டாணி பட்டாணியாகக் கிடக்கும் சரளை, மழை நின்று ஒரு மணி நேரத்தில் தண்ணீரை உள்ளே இழுத்துவிட்டு ஓட்டத் தயாராக இருக்கும். பெரிய மலை ஏற்றம் எதுவும் கிடையாது, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் நிலம், ஆனால் அதை நாள் முழுக்கச் செய்தால் தொடை நன்றாகவே உணரும்.

இந்தச் சரளையில்தான் டயரின் நடுப் பட்டன் ஏன் தாழ்வாக இருக்கிறது என்பது புரியும். நேராகப் போகும்போது ரோடு டயர் போல வேகமாக உருள்கிறது, இறக்கத்தில் வளைவு வந்து சாய்த்தால் ஓரப் பட்டன் மண்ணைப் பிடிக்கிறது. ஆனால் உருண்டைக் கல் தளர்வாகக் குவிந்து கிடக்கிற இடத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் எந்த டயரும் வழுக்கும், பின் பிரேக்கை முன்கூட்டியே பிடித்து மெதுவாக வாருங்கள். கந்தர்வக்கோட்டையிலிருந்து கீரனூர்ப் பக்கம் தைலமரத் தோப்புகளுக்கு நடுவே போகும் தடங்களில் காய்ந்த இலை மூடியிருக்கும், அடியில் வெட்டுக் குழி இருப்பது தெரியாது. நார்த்தாமலையில் பாறை மேல் நிற்கும் விஜயாலய சோழீச்சரத்தின் அடிவாரம் வரை இதே டயரில் போகலாம், மேலே நடந்துதான் ஏற வேண்டும். 9-ஆம் நூற்றாண்டுக் கோயில், உள்ளே கருவறை வட்டமாக இருக்கும், கட்டாயம் பாருங்கள். கல் குவாரி லாரிகள் போகும் பாதையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே சிதறிக் கிடப்பது உடைத்த ஜல்லி, அதன் விளிம்பு டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் சீலன்ட் அடைக்காது. ஓட்டையில் செருகி அடைக்கும் பிளக் ஒன்றும், கிழிசலுக்கு உள்ளே வைக்க ஒரு துண்டுப் பழைய டயரும், ஒரு ட்யூபும் பையில் இருக்கட்டும்.

பராமரிப்பு பற்றிப் பலரும் பேசுவதில்லை. சீலன்ட் நம்மூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆறு மாதம் வரும் என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் சித்திரை, வைகாசியில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வால்வைக் கழற்றிப் பார்த்து ஊற்றிக்கொள்வது நல்லது. சக்கரத்தைக் குலுக்கினால் உள்ளே சளசளவென்று சத்தம் வர வேண்டும், வரவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். புது டயரை ரிம்மில் உட்கார வைக்கக் கைப் பம்பு போதாமல் போகலாம், மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஒரே அடியில் உட்கார்ந்துவிடும். ஆனால் நம் சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு அவர்கள் குழாய் பொருந்தாது. ஒரு பித்தளை அடாப்டரை எப்போதும் கூட வைத்திருங்கள், கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், விலையும் சொற்பம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கடை அண்ணன் “இதுல ட்யூபே இல்லையா தம்பி?” என்று ஆச்சரியமாகக் கேட்டு, டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் காற்றடித்துக் கொடுத்தார், காசும் வாங்கவில்லை.

விலை அதிகம், அதில் சந்தேகமே இல்லை. ஒரு டயரின் விலைக்கு 100 சிசி பைக்குக்கு டயர் வாங்கிவிடலாம். வாரத்தில் ஐந்து நாள் தார் ரோட்டில் ஆபீஸ் போய் வருபவருக்கு இது வேண்டாம், 32 எம்எம்மே தாராளம். மண் தடத்துக்கு என்றே வண்டி வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம், ஆனால் வாங்கும் முன் 40 எம்எம் டயர் போட்ட பிறகு ஃபோர்க்கிலும் பின்னாலும் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் போகும் இடைவெளி இருக்குமா என்று கடையிலேயே சக்கரத்தை மாட்டிப் பார்த்துவிடுங்கள். தை மாதம் ஜனவரி 28-இல் மேட்டூரை மூடியபின் கரை காயத் தொடங்கும். வழக்கம்போல ஜூன் 12-இல் திறக்கும் வரை கொள்ளிடக் கரை உங்களுடையது. வெயிலுக்கு முன், விடியற்காலை ஐந்தரைக்கே கல்லணையில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள்.