டிஃபென்சிவ் டிரைவிங் பயிற்சி: மூன்று வருடம் கழித்து என்ன மிச்சம்?

கார் ஓட்ட ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆன பிறகு நான் மறுபடி பயிற்சிக்குப் போனேன். அடுத்தவர் செய்யக்கூடிய தவறையும் முன்கூட்டியே எதிர்பார்த்து விபத்தைத் தவிர்க்கும்படி ஓட்டக் கற்றுத் தரும் டிஃபென்சிவ் டிரைவிங் பயிற்சி. அவிநாசி பக்கம் நான்கு வழிச் சாலையில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. ஒரு முழ இடைவெளியில் என் வண்டி நின்றது. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கோவையில் இரண்டு நாள் பயிற்சி, கட்டணம் 8,000 ரூபாய், சொந்தக் காரில்தான் ஓட்ட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் வண்டி நகரவே இல்லை, உட்காரும் விதத்தை மட்டும் சரி செய்தார்கள். முதுகு சீட்டை விட்டு விலகாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் பட வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடத்தில். அதுவரை நான் ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் அவசரத்துக்கு பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கவே முடியாது.

அப்புறம் பிரேக். என் வண்டியில் ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் இறுகி நின்று சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உண்டு என்று தெரியும், அது வேலை செய்து ஒரு நாளும் பார்த்ததில்லை. திடலில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதித்ததும் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டேன். "எடுக்காதீங்க சார், ஒண்ணும் உடையல, அது வேலை செய்யுது. மிதிச்சது மிதிச்சபடி இருக்கட்டும், ஸ்டியரிங்க மட்டும் திருப்புங்க" என்றார் பயிற்சியாளர். நாலாவது தடவைதான் வந்தது. மிதித்தபடியே கூம்புகளைச் சுற்றி வண்டி வளைந்து நின்றபோது, இத்தனை வருடம் இது தெரியாமலா குடும்பத்தை உட்கார வைத்து ஓட்டினோம் என்று இருந்தது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். 40இல் 8 மீட்டருக்குள் நின்ற வண்டி, 80இல் 30 மீட்டரைத் தாண்டி நின்றபோதுதான் அது உறைத்தது.

இரண்டாம் நாள் பல்லடம் சாலையில். கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். "இடப்பக்கம் டீக்கடை, ரெண்டு பைக், ஒண்ணு கிளம்பப் போகுது..." இரண்டு நிமிடத்தில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. சாலையில் அவ்வளவு இருந்தும் நான் முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நின்றிருந்த ஒரு பேருந்தைக் காட்டி, "அடியில பாருங்க சார், கால் தெரியுதா?" என்று கேட்டார்.

போன வருடம் உடுமலை–பழநி சாலையில் நிறுத்தத்தில் ஒரு பேருந்து நின்றது. அடியில் இரண்டு சின்னக் கால்கள், பள்ளிக்கூட ஷூவோடு. வேகத்தைக் குறைத்து பிரேக் மேல் காலை வைத்திருந்தேன். பேருந்துக்கு முன்னாலிருந்து அந்தப் பையன் வலப்பக்கம் பார்க்காமல் ஓடி வந்தான். நிதானமாகவே நிறுத்த முடிந்தது. கட்டிய காசு எனக்கு அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது.

இன்றும் நிலைத்திருப்பது, உட்காரும் விதமும் இடைவெளியும். முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் மனதுக்குள் மூன்று நொடி எண்ணுகிறேன், அதற்குள் நான் அந்தக் கம்பத்தை எட்டிவிடக் கூடாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 67 மீட்டர். அந்த இடைவெளியில் யாராவது புகுந்துவிடுகிறார்கள்தான். புகுந்தால் புகுந்துகொள்ளட்டும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி இடம் விடுகிறேன். சேலம் போய்ச் சேரச் சில நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இப்போது இரண்டாவது கியரிலேயே வருகிறேன், எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்வதால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் கீழே வந்ததும் அடிக்கும் பிரேக் கருகல் வாசனை இப்போது வருவதில்லை.

தேய்ந்துபோனதும் உண்டு. வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. கண்ணாடி பார்ப்பதும் குறைந்திருக்கிறது, அதை மனைவிதான் கவனித்துச் சொன்னாள். பயிற்சியில் பெரிய குறை, இரவு ஓட்டம் அறவே இல்லாதது. எதிரே ஹைபீமில் வருபவர்களைச் சமாளிக்க, இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று வாயால் சொன்னதோடு சரி. நம் சாலைகளில் அதற்கு ஒரு மாலையாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

லைசென்ஸ் வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஓட்டியவர்கள் தாராளமாகப் போகலாம். சேரும் முன், திடலில் உங்கள் வண்டியிலேயே முழு பிரேக் அடிக்க விடுவார்களா, இரவில் ஓட்ட வைப்பார்களா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரவுப் பயிற்சி தரும் வேறொரு இடத்தில் அடுத்த மாதத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்த முறை மனைவியும் வருகிறாள்.