பழைய டாஸ் புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கப் போகிறீர்களா? பழைய ஹார்ட் டிஸ்கைக் கொடுத்துவிடாதீர்கள்

கடையிலோ அலுவலகத்திலோ இன்னும் டாஸ் (விண்டோஸுக்கு முன்னால் கம்ப்யூட்டரை இயக்கிய மென்பொருள்) காலத்துப் புரோகிராமை வைத்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு மறு வேலை பாருங்கள். எனக்குப் பணமும் போனது, அதைவிடப் பெரியதாக ஜனங்களின் கணக்கும் போனது.

கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பாத்திரக் கடை. கடையில் தீபாவளிச் சீட்டு நடத்துகிறோம். தை மாதம் தொடங்கி மாதம் 300, 500, 1,000 என்று அவரவர் வசதிப்படி கட்டிக்கொண்டு வருவார்கள். ஐப்பசியில் அண்டாவோ குக்கரோ குத்துவிளக்கோ வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். ஏறக்குறைய 640 பேர். பூக்கட்டி விற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், நடவுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். மகள் கல்யாணத்துக்கு என்று மூன்று நான்கு வருஷமாகப் பாத்திரமாகச் சேர்க்கிறவர்களும் உண்டு. இத்தனை பேர் கணக்கும் 1996-ல் அப்பாவின் நண்பர் ஒருவர் ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிக் கொடுத்த ஒரு புரோகிராமில் இருந்தது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் அந்தப் புரோகிராம் ஒரு நாள்கூட எங்கள் கணக்கில் ஒரு ரூபாய் தப்பாகக் காட்டியதில்லை.

போன ஆடியில், பதினெட்டாம் பெருக்குக்கு நான்கு நாள் முன்னால், விண்டோஸ் எக்ஸ்பி போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. திறந்து பார்த்தால் மதர்போர்டில் நான்கைந்து கெபாசிட்டர்கள் தலை உப்பி நின்றன. ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. இந்த இடத்தில் நான் டிஸ்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் செருகி, சீட்டு ஃபோல்டரை முழுதாக ஒரு காப்பி எடுத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. அவசரத்தில் கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது 16 பிட் சாஃப்ட்வேர். இப்ப வர்ற விண்டோஸ்ல ஓடாது. எங்ககிட்ட கன்வர்ட்டர் லைசென்ஸ் இருக்கு, அதைப் போட்டா ஓடும். ரெண்டு கவுன்ட்டர்லயும் ஒரே நேரத்துல பதியலாம்."

இதில் முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாவது பாதியையும் நம்பிவிட்டேன். இப்போது புதுக் கம்ப்யூட்டர்களில் வருகிற 64 பிட் விண்டோஸ் ஓடும்போது, டாஸ் புரோகிராம்களுக்காகப் பிராசசருக்குள் இருந்த பழைய வழி மூடிக்கொள்கிறது. அதனால் டாஸ் புரோகிராமை ஓட்டித் தரும் பகுதியை மைக்ரோசாஃப்ட் 64 பிட் விண்டோஸில் வைக்கவே இல்லை. 32 பிட் விண்டோஸில் விண்டோஸ் 10 வரை அது கிடைத்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக, புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் பழைய புரோகிராம் நேராக ஓடாது என்பது சரிதான். ஆனால் அதற்குப் பரிகாரம் என்ன, அதன் பெயர் என்ன, அதற்கு உண்மையிலேயே காசு உண்டா என்று நான் கேட்கவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் 38,000. கன்வர்ட்டர் லைசென்ஸ் 14,500. டேட்டா மாற்ற 2,500. பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு 1,500 கழித்தார்கள். அந்த 1,500 ரூபாயோடு எங்கள் டிஸ்கும் போனது.

ஆடி 20-ம் தேதி கொண்டுவந்து வைத்தார்கள். திறந்ததும் மெமோ ஃபைல் மிஸ்ஸிங் என்று ஒரு செய்தி வந்தது. வந்த பையன் "அது ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லி ஏதோ தட்டினான், செய்தி போய்விட்டது. பெயர், சீட்டு எண், கட்டிய தொகை எல்லாம் திரையில் வந்தன. எங்களுக்கு நிம்மதி.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. ஃபாக்ஸ்புரோவில் ஒரு பட்டியல் என்பது ஒரே ஃபைல் அல்ல. டிபிஎஃப் என்று முடியும் ஃபைலில் பெயரும் தொகையும் இருக்கும். நீளமாக எழுதும் குறிப்புகள் அதே பெயரில் எஃப்பிடி என்று முடியும் இன்னொரு ஃபைலில் தனியாக இருக்கும். அந்தப் பையன் டிபிஎஃப் ஃபைல்களை மட்டும் காப்பி செய்திருக்கிறான். எஃப்பிடி இல்லை என்று புரோகிராம் கத்தியதும், காலியாக ஒன்றை உண்டாக்கி வாயை அடைத்துவிட்டான். எங்கள் குறிப்புகளில் என்ன இருந்தது தெரியுமா? "தவணை மாமியார் கட்டுவார், பொருளை மகளிடம் மட்டும் கொடுக்கவும்." "கணவர் வந்து கேட்டால் பணமாகத் தரக்கூடாது." அந்தப் பெண்கள் எங்களை நம்பிச் சொன்ன விஷயங்கள் அவை. அத்தனையும் வெற்றிடமாகிவிட்டது.

மாதப் பட்டியல் எடுக்க முன்பு ஒரு நிமிஷம் ஆகும். புதுக் கம்ப்யூட்டரில் 25 நிமிஷம் ஆனது. கேட்டதற்கு "ரேம் பத்தல சார்" என்று 3,200 ரூபாய்க்கு ரேம் போட்டார்கள். வேகம் துளியும் மாறவில்லை. பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் நகரவில்லை. "அது பழசு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். வாங்காமல், திரையில் வரும் ரசீது எண்ணைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆவணி 3-ம் தேதி ஒரு அம்மா வந்தார். உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம் பூ விற்கிறவர். அடுத்த தவணை கட்ட வந்தார். திரையில் ஆடித் தவணை ஏறவே இல்லை. "போன மாசம் வரலியேம்மா" என்றேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, நான்காக மடித்த சீட்டு அட்டையைப் பிரித்தார். மடிப்பு நைந்து, ஓரமெல்லாம் மஞ்சள் கறை. "ஏழாவது கட்டத்துல உங்க ஆளு கையெழுத்து இருக்கு பாரு தம்பி. ரசீதும் வெச்சிருக்கேன்" என்றார். கை நடுங்கியது. ரசீது எண் 8412. கம்ப்யூட்டரில் 8412 என்று அடித்தால் வேறு ஒரு ஆளின் பெயர் வந்தது. அவரும் அன்றைக்குத்தான் கட்டியிருந்தார், இன்னொரு கவுன்ட்டரில்.

அன்று இரவு கடையைச் சாத்திவிட்டு, பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை வரச் சொன்னேன். அவர் விண்டோவின் தலைப்பைப் பார்த்தார். டாஸ்பாக்ஸ் என்று எழுதியிருந்தது, பக்கத்தில் 3000 சைக்கிள்ஸ். "இதுக்கா 14,500 குடுத்தீங்க?" என்றார். டாஸ்பாக்ஸ் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டுவதற்காகச் செய்தது. அந்த 3000 என்பது வேகத்தின் அளவு, 1980-களின் கம்ப்யூட்டர் வேகம். கன்ட்ரோலோடு எஃப்12-ஐ அவர் பலமுறை தட்டினார், எண் ஏறியது, பட்டியல் ஓடியது. ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிரின்டர் நகராததற்கும் டாஸ்பாக்ஸ்தான் காரணம். சாதாரண டாஸ்பாக்ஸில் பிரின்டருக்கு வழி கிடையாது. பிரின்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ரசீது எண் விஷயம்தான் அவரையே உட்கார வைத்தது. ஒரே பட்டியலில் இரண்டு பேர் எழுதும்போது, ஒருவர் முடிக்கும் வரை மற்றவரை நிறுத்திவைக்கிற பூட்டு ஒன்று வேண்டும். விளையாட்டுக்காகச் செய்த டாஸ்பாக்ஸில் அந்தப் பூட்டு இல்லை. எங்கள் புரோகிராம் ஒரே கவுன்ட்டருக்காக எழுதியது. இரண்டு கவுன்ட்டரிலும் அதைத் திறந்தபோது, இரண்டுமே "கடைசி எண் 8411, அடுத்தது 8412" என்று நினைத்து ஒரே இடத்தில் எழுதின. பின்னால் எழுதியவர் பதிவு நின்றது, முன்னால் எழுதியவர் பதிவு அழிந்தது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. இப்படிப் பதினைந்து நாள்.

மறுநாள் சர்வீஸ் கடைக்குப் போன் செய்து பழைய டிஸ்கைக் கேட்டேன். "அதை ஃபார்மட் பண்ணி வேற மெஷின்ல போட்டு வித்தாச்சு சார். டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லன்னு எழுதியிருக்கே" என்றார்கள். எழுதியிருந்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத லெட்டர்பேட் தாளில். வெறுமனே ஃபார்மட் மட்டும் செய்திருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாம், அதற்கு டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்று இலவசக் கருவிகளே இருக்கின்றன என்றார் வாத்தியார். மேலே புது விண்டோஸ் ஏற்றி, யாரோ ஒருவர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கில் என்ன மிஞ்சும்?

ஒரே ஒரு நல்ல காரியம், மாசி மாதம் ஆடிட்டருக்காக அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் போட்டிருந்தேன். அது அப்பாவின் மேஜை டிராயரில் கிடந்தது. அதில் எஃப்பிடியும் இருந்தது. வாத்தியார் சீட்டு எண்ணை வைத்து இரண்டையும் பொருத்தி, மாசி வரை சேர்ந்தவர்களின் குறிப்புகளை மீட்டுவிட்டார். டிபிஎஃப் ஃபைலை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளிலேயே திறந்து பார்க்கலாம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே போதும், புரோகிராம் ஓடாவிட்டாலும் உங்கள் கணக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது எங்கள் புரோகிராம் வீடாஸ் என்ற ஒன்றில் ஓடுகிறது. டாஸ் காலத்து அலுவலகப் புரோகிராம்களுக்கென்றே செய்தது. பூட்டும் உண்டு, டாட் மேட்ரிக்ஸுக்கும் வழி உண்டு. அப்படியும் சீட்டை ஒரே கவுன்ட்டரில்தான் பதிகிறோம். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓட்டித் தரும் விர்ச்சுவல்பாக்ஸில் பழைய 32 பிட் விண்டோஸைப் போட்டு அதற்குள் ஓட்டுவது இன்னொரு வழி. ஆனால் அதை இன்டர்நெட்டோடு இணைக்கக்கூடாது என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் புரோகிராம் இன்றைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இன்று இரவே அந்த ஃபோல்டரில் உள்ளது அத்தனையையும் இரண்டு பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்காதீர்கள். பெயர் புரியாத ஃபைல்தான் உயிர்நாடியாக இருக்கும். பழைய டிஸ்க் 500 ரூபாய் பெறாவிட்டாலும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், கழற்றி வீட்டில் வையுங்கள். லைசென்ஸ் என்று காசு கேட்டால் சாஃப்ட்வேர் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வேலைக்குக் கூலி கொடுப்பது நியாயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். இலவசமாகக் கிடைப்பதை லைசென்ஸ் என்று விற்பது வேறு. புதிதாக ஏற்றிய பிறகு ஒரு வாரமாவது நோட்டிலும் எழுதுங்கள், சாயங்காலம் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். வக்கீல் நோட்டீஸும் போயிருக்கிறது. விஷயம் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

அழிந்த பதிவுகளில் பெரும்பாலானவற்றை உறுப்பினர்கள் கையில் இருந்த அட்டைகளையும் ரசீதுகளையும் பார்த்துத் திரும்ப ஏற்றிவிட்டோம். அட்டை என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு என்று வைத்துக்கொண்டோம், ஒருவரோடும் வாதாடவில்லை. பூக்கார அம்மாவுக்கு அவர் கேட்ட பித்தளைக் குடமே தீபாவளிக்குப் போனது. இன்னும் 11 பேர் அட்டையோடு வரவில்லை. வெளியூர் போயிருக்கலாம், கணக்கே போய்விட்டது என்று கேள்விப்பட்டு விட்டிருக்கலாம். எங்கள் கடையில் சீட்டுக் கட்டிய யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவர்களுக்கான பாத்திரத்தை எடுத்து வைத்திருக்கிறோம்.