திட்டமா, டேட்டாவா, மறுசோதனையா? நெல்லை ஆய்வு மாணவர் எதை முதலில் எடுப்பது

ஓர் ஆய்வை வேறொருவர் அதே முறையில் செய்தால் அதே முடிவு வர வேண்டும். பல நேரம் வருவதில்லை. உளவியலில் வெளியான 100 ஆய்வுகளை ஒரு பெரிய கூட்டுக்குழு திரும்பச் செய்து 2015இல் வெளியிட்டது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, அதாவது முடிவு வெறும் தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று காட்டியவை. மறுசோதனையில் 36 சதவீதம்தான் தேறின. புற்றுநோய் ஆய்விலும் இதே கதை. ஆம்ஜென் மருந்து நிறுவனம் சரிபார்த்த 53 முக்கிய ஆய்வுகளில் 6தான் நின்றன.

இதற்கு மூன்று மருந்து சொல்கிறார்கள்: ஆய்வுத் திட்டத்தை முன்பே பதிவு செய்வது, டேட்டாவை எல்லோருக்கும் திறந்து வைப்பது, ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்கும் மறுசோதனை. அபிஷேகப்பட்டியிலோ பாளையங்கோட்டையிலோ பி.எச்.டி. செய்பவருக்குப் பணமும் காலமும் குறைவு. மூன்றையும் ஒன்றாகச் செய்ய முடியாது.

மறுசோதனைதான் மூன்றிலும் வலுவானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நெல்லில் வேலை செய்பவருக்கு ஒரு பிசானம் (இங்கே மழைக்காலத்தில் தொடங்கும் நெல் பருவம்) போனால் அடுத்த பிசானத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். தனி ஆளாக இது ஆகாது. அம்பாசமுத்திரம், கிள்ளிகுளம், தென்காசி என மூன்று இடத்து மாணவர்கள் ஒரே சோதனையைப் பங்குபோட்டுச் செய்தால் ஆகும்.

டேட்டாவைத் திறந்து வைப்பது மலிவு. ஜெனோடோ போன்ற இணையக் களஞ்சியங்களில் இலவசமாகவே ஏற்றலாம். எக்செலில் வரிசை மாறியது, ஒரு பூஜ்யம் கூடியது போன்ற பிழைகளை அடுத்தவர் கண்டுபிடிக்க முடியும். 'கேட்டால் தருவோம்' என்று எழுதுவது மட்டும் போதாது. அப்படி எழுதிய 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. 93 சதவீதம் பேர் பதில் தரவில்லை, அல்லது மறுத்தார்கள். டேட்டாவை அலசிய கணினி நிரலை, அதாவது கோடை, ஏற்றினாலும் அது ஓட வேண்டுமே. ஹார்வர்டு டேட்டாவர்ஸ் என்ற களஞ்சியத்தில் இருந்த, ஆர் என்ற புள்ளியியல் மொழியில் எழுதிய நிரல் கோப்புகளை அப்படியே ஓட்டிப் பார்த்தபோது 74 சதவீதம் பிழையில் நின்றன. அதனால் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஒரு குறிப்புக் கோப்பும் கூடவே வேண்டும்.

ஆனால் திறந்த டேட்டாவால் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. ஏ.எஸ்.டி. 16 என்ற நெல் ரகத்தில் ஓர் உயிர் உரத்தைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். பயிர் உயரம், தூர் எண்ணிக்கை, கதிர் நீளம், ஆயிரம் மணி எடை என்று 20 அளவுகள் எடுக்கிறோம். உரத்தால் எந்தப் பலனும் இல்லாவிட்டாலும், 5 சதவீத வரம்பில் (பலனே இல்லாதபோதும் நூற்றுக்கு ஐந்து முறை தேறிவிடும் அளவுகோல்) சராசரியாக ஓர் அளவு தற்செயலாகத் தேறிவிடும். அதை மட்டும் எடுத்துக் கட்டுரை எழுதினால் டேட்டாவில் ஒரு பொய்யும் இருக்காது, முடிவுதான் பொய்.

எந்த அளவை முக்கியமாகப் பார்க்கப் போகிறோம், எத்தனை பாத்தி, எந்தச் சோதனை என்று விதைக்கும் முன்பே எழுதித் தேதியோடு பதிவு செய்வதுதான் இதற்கு மருந்து. அமெரிக்க இதய நோய் நிறுவனம் நிதி தந்த பெரிய மருத்துவச் சோதனைகளைப் பாருங்கள்: 2000க்கு முன் 30இல் 17 பலன் காட்டின. திட்டத்தை முன்பே பதிவு செய்வது நடைமுறைக்கு வந்தபின் 25இல் 2தான். நம் மருத்துவச் சோதனைகளுக்கும் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு 2009 ஜூன் முதல் கட்டாயம். வயலிலும் ஆற்றிலும் செய்யும் ஆய்வுகளுக்கு அது ஏன் கூடாது?

இதில் இன்னொரு வகையும் உண்டு. முடிவு தெரியும் முன்பே ஜர்னல் திட்டத்தைப் பரிசீலித்து ஏற்றுக்கொள்வது. அருமையான முறைதான், ஆனால் பரிசீலனைக்கு மாதங்கள் ஆகும். ஜூனில் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் கார் பருவ நெல் நடவு யாருக்காகவும் காத்திருக்காது. நமக்கு ஓ.எஸ்.எஃப். என்ற ஆய்வுப் பதிவு இணையதளத்தில் சாதாரணப் பதிவே போதும்.

'2023 டிசம்பர் வெள்ளம் போல வந்தால் திட்டம் என்ன ஆகும்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. திட்டத்தை மாற்றலாம், என்ன, எப்போது, ஏன் மாறியது என்று தேதியோடு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

என் வரிசை இது: முதலில் திட்டம், அப்புறம் டேட்டாவும் கோடும், ஆள் சேர்ந்தால் மறுசோதனை. களத்துக்குப் போகும் முன் பதிவின் இணைப்பைக் காட்டச் சொல்லி ஆய்வுக்குழு கேட்கலாம். அப்படிக் கேட்கிற குழு, 'பலன் இல்லை' என்று முடியும் ஆய்வேட்டுக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அதே மரியாதை தர வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்காகத் திட்டம் எழுதிய மாணவருக்குத்தான் நஷ்டம்.