அத்தை உட்கார ஓர் இடம்: கோவை மால் ஒன்றில் கழிந்த ஞாயிற்றுக்கிழமை

அவிநாசியிலிருந்து கோவைக்குக் குடும்பத்தோடு போவது என்றால், நான் திருமணமாகி வந்த காலத்தில், ஒப்பணக்காரத் தெருவில் துணி எடுத்து, வ.உ.சி. பூங்காவில் சிறிது நேரம் இளைப்பாறி, அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லியும் காபியும் முடித்துக்கொண்டு, காந்திபுரத்தில் பேருந்து ஏறுவது என்றே பொருள். 2009-இல் கிருஷ்ணசாமி சாலையில் புரூக்ஃபீல்ட்ஸ் வந்தது. அடுத்துப் பீளமேட்டில் ஃபன் மாலும், 2017-இல் சத்தி சாலையில் புரோசோனும், 2023-இல் லட்சுமி மில் வளாகத்தில் லூலூ ஹைப்பர் மார்க்கெட்டும் வந்தன. இப்போது கோவைக்குப் போகலாமா என்று கேட்டால், எங்கள் பிள்ளைகள் எந்த மாலுக்கு என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்வந்த மால் ஒன்றைப் பற்றியும், அங்கும் அதன் பிறகும் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றியும் எழுதுகிறேன். நான் சொல்லும் குறைகள் ஒரே நாளில் கண்டவை என்பதால் மாலின் பெயரைக் குறிப்பிடவில்லை. என்னுடன் வந்தவர்கள் கணவர், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், நாத்தனார், அவர் கணவர், அவர்களுடைய பத்து மாதக் குழந்தை, எழுபத்திரண்டு வயதாகும் என் அத்தை ஆகியோர். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. இருபது நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். அன்று நான் அந்த மால் எப்படி என்று அளந்ததெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

போகும் வழியில் குறை ஒன்றும் இல்லை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டி, 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரைச் சூட்டித் திறந்த மேம்பாலம், எங்கள் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குச் சிக்னல்களில் கழிந்த அந்த அரை மணி நேரத்தை மிச்சமாக்கிவிட்டது. ஆனால் மிச்சமான நேரம் முழுவதும் மாலின் வாகன நிறுத்தத்தில் செலவாயிற்று. நிலத்தடித் தளத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு ஒரு தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அங்கிருந்து லிப்ட் இருக்கும் இடத்துக்கு அம்புக்குறி காட்டிய வழியில் நடந்தால், அது ஒரு பூட்டிய கதவின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. முதியவர்களோடு வருபவர்கள், அவர்களை முன்வாசலில் இறக்கிவிட்டு வண்டியை மட்டும் கீழே கொண்டுபோவது நல்லது.

உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சியும் வெளிச்சமும் வரவேற்றன. தரை பளிங்குபோல் இருந்தது. கழிப்பறைகள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும், ஈரமில்லாமல் துடைக்கப்பட்டிருந்தன. இதை நான் பெரிய பாராட்டாகவே சொல்கிறேன், ஏனென்றால் குழந்தைகளோடு வெளியே போகும் பெண்களுக்குத்தான் சுத்தமான கழிப்பறையின் அருமை தெரியும். பாலூட்டும் அறையும் தனியாக, தாழ்ப்பாளோடும் மின்விசிறியோடும் இருந்தது. நாத்தனார் அங்கிருந்து வெளியே வரும்போது, இந்த ஓர் அறைக்காகவே இன்னொரு முறை வரலாம் என்றார்.

இனி நடமாட்டத்துக்கு வருகிறேன். எஸ்கலேட்டர் முன்னால் வந்ததும் அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றுவிட்டார். படிகள் ஒவ்வொன்றாகத் தரைக்குள்ளிருந்து முளைத்து மேலேறுவதை அவர் பார்த்த பார்வை, கிணற்று மேட்டில் நின்று ஆழம் பார்ப்பவரின் பார்வையைப் போல இருந்தது. அங்கே காவலுக்கு நின்ற பெண், "பயப்படாதீங்க அம்மா, என் கையப் புடிச்சுக்குங்க, மஞ்சக் கோட்ட மட்டும் மிதிச்சறாதீங்க" என்று சொல்லி, அவரோடு மேல்தளம் வரை ஏறி வந்துவிட்டுத் திரும்ப இறங்கினார். அது அவருடைய வேலையில் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. லிப்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதற்கில்லை. நான்கு தளங்களுக்கும் சேர்த்துப் பொதுமக்களுக்கு இரண்டே லிப்டுகள் இருந்தன. அவற்றிலும் கைகால் திடமாயிருந்த இளைஞர்களே நிறைந்து வந்தார்கள். குழந்தை வண்டியோடு நாங்கள் மூன்று முறை லிப்டை விட்டுவிட்டு நான்காவது முறை ஏறினோம்.

உட்காரும் இடம்தான் இந்த மாலின் பெருங்குறை. தரைத்தளத்தில், நடுமுற்றத்தைச் சுற்றி எட்டுப் பத்துப் பெஞ்சுகள் போடலாம் என்ற அளவுக்கு இடம் இருந்தும், அதில் கார் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். முதல் தளத்தில் இருந்த நான்கு பெஞ்சுகளுக்கும் சாய்மானம் கிடையாது. மற்றபடி கண்ணில் பட்ட நாற்காலிகள் எல்லாம் காபிக் கடைகளுக்குச் சொந்தமானவை. அவற்றில் உட்கார வேண்டுமானால் 190 ரூபாய்க்குக் காபி வாங்க வேண்டும். நாங்களும் வாங்கினோம். பில்லில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். இப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டதும், அதை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்ததும் என் கணவருக்கு நினைவிருந்தன. அவர் அமைதியாகக் கேட்டவுடன், கல்லாவில் இருந்த பையன் மறுபேச்சில்லாமல் அதை நீக்கிவிட்டு வேறு பில் கொடுத்தான். நீக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

தகவல் மேசையில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள். அடையாள அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனபோது, "நானென்ன நடமாட்டமில்லாமலா கெடக்கறேன்? உக்கோர ஒரு திண்ணையிருந்தாப் போதும்" என்று அத்தை மறுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயமே. நடக்க முடிந்தும் நெடுநேரம் நிற்க முடியாதவர்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர் இருக்க, அவர்களுக்கு ஒரு திண்ணை போடக் கட்டடத்தை வரைந்தவர்களுக்குத் தோன்றவில்லை.

துணிக்கடைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் எங்கள் குடும்பத்தின் கண்ணோட்டம் நடுநிலையானதாக இருக்காது. அத்தை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு ஆண்டுகள் செக்கிங்கில் இருந்தவர். புகழ்பெற்ற பிராண்டு ஒன்றின் கடையில் 1,499 ரூபாய் அட்டை தொங்கிய டி-சர்ட்டை மகள் ஆசையோடு எடுத்து நீட்டினாள். அத்தை அதன் விலையைப் பார்க்கவே இல்லை. உட்புறத்தை வெளியே திருப்பி, அக்குளில் ஓவர்லாக் தையலை இரு கட்டைவிரலாலும் விரித்துப் பார்த்தார். கீழ் மடிப்பில் பேட்லாக் தையல் ஓட்டியிருந்த இடத்தில் தொங்கிய நூலைச் சுண்டினார். பிறகு துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "பிசிறு வெட்டாமயே மடிச்சுப் போட்டுட்டாங்க. எங்க கம்பெனியா இருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்பியிருப்போம்" என்று சொல்லிவிட்டு, கலைந்தது தெரியாதபடி அதை மடித்து அடுக்கில் வைத்தார். விற்பனைக்கு நின்ற பெண்கள் இருவரும் அந்த மடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனியன் துணிகளின் சந்தையான திருப்பூர் காதர்பேட்டையை அறிந்தவர்கள் மாலில் பனியன் துணி வாங்குவது, காவிரிக் கரையில் இருந்துகொண்டு தண்ணீர் பாட்டில் வாங்குவதற்குச் சமம். காலணிகளும் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களும் நன்றாகவே இருந்தன. அவற்றின் விலையும் வெளியே உள்ளதைவிட அதிகமில்லை.

மதியம் ஒன்றரை மணிக்கு மூன்றாம் தளத்து உணவுக் கூடத்துக்குப் போனோம். குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். முதலில் ஒரு கவுண்ட்டரில் பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும். அந்த அட்டையை ஒவ்வொரு கடையிலும் தேய்த்து, சாப்பாடு தயாரானதும் அதிரும் வட்டக் கருவி ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மேசைகள் நான்கு பேருக்கானவை, தரையோடு முடுக்கப்பட்டவை. ஏழு பேர் ஒன்றாக உட்கார வழியே இல்லாததால், இடையில் வேறொரு குடும்பம் இருக்க, நாங்கள் இரண்டு மேசைகளில் பிரிந்து உட்கார்ந்தோம். மகனுடைய நூடுல்ஸ் ஆறு நிமிடத்தில் வந்தது. அத்தைக்குச் சொன்ன நெய்த் தோசை வருவதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. என் கணவர் தட்டை வாங்கிக்கொண்டு வரும்போது நாத்தனாரின் கணவர் அடுத்த தட்டுக்காக எழுந்து போனார். அவர் திரும்பியபோது பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அன்று அங்கே ஏழு பேரும் சாப்பிட்டோம், ஆனால் எந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடவில்லை.

சுவையைப் பொறுத்தவரை, தோசையும் வடஇந்தியக் கடையில் வாங்கிய சோலே பட்டூராவும் தரமாக இருந்தன. ஆனால் 'கொங்கு ஸ்பெஷல்' என்று பலகை எழுதிய கடையில் வாங்கிய பள்ளிபாளையம் சிக்கனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஈரோட்டுக்கு அக்கரையில், காவிரியை ஒட்டி இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரைத் தாங்கிய இந்த வறுவலுக்குத் தேவையானவை கோழி, சின்ன வெங்காயம், விதை நீக்கிக் கிள்ளிப் போட்ட வரமிளகாய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், மஞ்சள், உப்பு, எண்ணெய் ஆகியவை மட்டுமே. மல்லித்தூளோ கரம் மசாலாவோ அதற்குத் தேவையில்லை. மிளகாயின் காரமும் வெங்காயத்தின் இனிப்புமே அதன் மசாலா. எங்களுக்கு வந்ததில் தக்காளிக் குழம்பும் குடைமிளகாயும் மிதந்தன. தேங்காய் ஒரு பல் கூட இல்லை. வேறு பெயரில் விற்றிருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டேன். சாப்பாட்டுக்கு மொத்தம் 2,380 ரூபாய் ஆயிற்று. அட்டையில் மிஞ்சிய 85 ரூபாயைத் திருப்பித் தர இயலாது, அடுத்த முறை பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள்.

சாப்பாட்டுக்குப் பின் திரையரங்கம். வாசலில் பைகளைச் சோதித்தவர், நாத்தனார் கையிலிருந்த ராகிக் கூழ்க் குப்பியை வெளியே வைக்கச் சொன்னார். வெளியுணவைத் தடுக்கும் உரிமை திரையரங்குகளுக்கு உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியபோதே, கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம் என்பதும், குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் பேசப்பட்டுவிட்டன. மேற்பார்வையாளரை அழைத்துச் சொன்னதும் அவர் வருத்தம் தெரிவித்துக் குப்பியை அனுமதித்தார். குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் காட்டுகிறார்கள். இருக்கைகள் மிக நன்றாக இருந்தன. படம் எப்படி என்று வீட்டில் கேட்டபோது, அந்த மால் முழுவதிலும் காலை நீட்டி உட்கார முடிந்தது அங்கேதான் என்று அத்தை பதில் சொன்னார்.

இரவு எட்டு மணிக்கு, திரும்பும் வழியில், அவிநாசி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு மெஸ்ஸில் வண்டியை நிறுத்தினோம். தகரக் கூரை, நீல வண்ணம் பூசிய சுவர், நீளமான இரண்டு கல் மேசைகள், கை கழுவ வாசலில் ஒரு தொட்டி. இவ்வளவுதான் அந்த இடம். நாங்கள் ஏழு பேர் என்று பார்த்ததும், ஓரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர், யாரும் சொல்லாமலேயே, இலையோடு நகர்ந்து இடம் விட்டார்கள். ஏழு இலைகளும் ஒரே வரிசையில் விழுந்தன. அரிசிம்பருப்புச் சாதம் இருக்கிறதா என்று கேட்டோம், இருந்தது. துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் போட்டுக் குழைய வேகவைத்த அந்தச் சாதத்தை ஆவி பறக்க இலையில் வைத்து, நடுவில் குழி செய்து நெய் விட்டார்கள். கூடவே பிச்சுப்போட்ட நாட்டுக்கோழியும் கொள்ளு ரசமும் வந்தன. நாட்டுக்கோழியில் எலும்பை ஒட்டியிருந்த சதை சற்றுக் கடினமாக இருந்தது. மகன் அதைக் கடிக்க முடியாமல் ஒதுக்கிவிட்டான். ரசத்தில் உப்பும் ஒரு கல் கூடுதல். "இன்னுங் கொஞ்சம் சாதம் வெக்கட்டுங்களா, பாட்டிம்மா?" என்று பரிமாறியவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அத்தை இரண்டு முறை வாங்கிக்கொண்டார். பில் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உட்பட 1,640 ரூபாய்.

மெஸ்ஸின் கழிப்பறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: பெண்களுக்கென்று தனியாக இல்லை, இருக்கும் ஒன்றுக்கும் தாழ்ப்பாள் சரியில்லை. மாலிலேயே அந்த வேலையை முடித்துக்கொண்டு இங்கே வருவது உத்தமம்.

மாலுக்குப் போக விரும்புவோர் வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் வாகன நிறுத்தமும் லிப்டும் காலியாக இருக்கும். நாங்கள் அடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை போவதாக இருக்கிறோம்; சாப்பாடு மெஸ்ஸில்தான் என்று முடிவாகிவிட்டது. அத்தையிடம் வருகிறீர்களா என்று கேட்டதற்கு, மடித்து வைக்கிற நாற்காலி ஒன்று வண்டியில் இருந்தால் வருகிறேன் என்றார். அதை உள்ளே விடுவார்களா என்று தகவல் மேசைக்குத் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.