18,500 ரூபாய் போச்சு: கிட்டார் நெக், பிக்கப் ஆன்லைன்ல வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் பைசா போடுங்க

வெப்ராளத்துல எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீட்லயே எலெக்ட்ரிக் கிட்டார் கட்டுற பசங்க இப்போ இருக்காங்க. சர்ச் குயர்ல வாசிக்கிறவங்களும் அதுல உண்டு, கிறிஸ்துமசுக்குள்ள முடிக்கணும்னு அவசரம் வேற. பாடிக்கு மரம் இங்கேயே கிடைக்கும். மகோகனியோ ஆஞ்சிலியோ, மில்லுல கேட்ட கனத்துக்கு அறுத்துத் தருவாங்க. நெக் (விரல் வெச்சு வாசிக்கிற நீளக் கழுத்து), பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமா மாத்துற காந்தச் சுருள்), வயரிங் சாமான்தான் கிடைக்காது. ரேடியோ ஸ்பேர் கடையில பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்) கேட்டா, காதுக்கு ஏத்த மாதிரி ஏறுற ஆடியோ டேப்பருக்குப் பதிலா ஒரே சீரா ஏறுற லீனியரை எடுத்து நீட்டுவாங்க. அப்போ ஆன்லைன்தான் கதி. இந்த மாதிரி ஆளுங்க உட்கார்ந்திருக்கிறதும் அங்கேதான்.

பேர் சொல்லலை. படம் போடுற ஆப் ஒண்ணுல பக்கம் வெச்சு கஸ்டம் கிட்டார் பார்ட்ஸ் விக்கிற ஆள். கடை கிடையாது, வெப்சைட் கிடையாது, மெசேஜ்லதான் வியாபாரம் முழுக்க.

ஆர்டர் இதுதான். மேப்பிள் நெக், ஈட்டி ஃபிங்கர்போர்டு, 25.5 இஞ்ச் ஸ்கேல் (தலைப்பக்கம் கம்பி உட்கார்ற நட்டுல இருந்து பாடியில இருக்கிற பிரிட்ஜ் வரைக்கும் உள்ள கம்பி நீளம்), 22 ஃப்ரெட் (நெக் மேல குறுக்கே இருக்கிற உலோகக் கட்டை), ரெண்டு பக்கமும் வேலை செய்ற டிரஸ் ராட் (நெக் வளையாம உள்ள இருந்து பிடிக்கிற இரும்புக் கம்பி): 9,800. அல்நிகோ 5 காந்தம் வெச்ச ஹம்பக்கர் (ரெண்டு காயில் உள்ள பிக்கப்) ஒரு ஜோடி, நாலு வயர், மெழுகு ஏத்தினது: 5,200. வயரிங் செட், அதாவது 500கே (கிலோ ஓம்) ஆடியோ டேப்பர் பாட் நாலு, அதுல ரெண்டு புஷ்-புல் (குமிழை இழுத்தா ஒரு காயிலை மட்டும் பிரிக்கிற ஸ்விட்ச் உள்ளது), மூணுவழி ஸ்விட்ச், 0.022 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், ஜாக், எல்லாம் சால்டர் பண்ணி ரெடியா: 3,500. மொத்தம் 18,500. பாதி முன்பணம், மீதி அனுப்புறதுக்கு முன்னாடி.

எதை நம்பிப் பைசா போட்டதுன்னு கேப்பீங்க. ஆள் கேட்ட கேள்விகளை நம்பித்தான். "நெக் பாக்கெட் 56 மில்லிதானே ப்ரோ? பாட் துளை 9.5ஆ, இல்ல 7ஆ? வால்யூமுக்கு ஆடியோ டேப்பர் போட்டுடவா?" சும்மா சாமான் விக்கிறவன் இதெல்லாம் கேக்க மாட்டான். கேட்டதோட நிக்கலை, பிக்கப்புல மல்டிமீட்டர் வெச்சு வீடியோவும் அனுப்பினாரு. நெக் பக்கத்துப் பிக்கப் 8.1கே, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் 8.4கே. விண்டேஜ் வகை ஹம்பக்கருக்கு அச்சு அசலா வர வேண்டிய அளவு. மீதிப் பணம் அந்த வீடியோவுக்குப் பொறவுதான் போச்சு. பில் கேட்டதுக்கு "பார்சலுக்குள்ள இருக்கும் ப்ரோ". இருக்கலை.

முதல்ல நெக். 25.5 இஞ்ச் ஸ்கேல்னா நட்டுல இருந்து 12ஆவது ஃப்ரெட் சரிபாதி, 323.85 மி.மீ. வந்ததுல 314.3. அப்படின்னா அது 24.75 இஞ்ச் ஸ்கேல் நெக். அடிப்பக்க அகலம் மட்டும் 56 மில்லி சரியா இருந்ததால பாடியில நெக்குக்கு வெட்டின பாக்கெட்ல அழகா உட்காருது, பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராது. கம்பி போட்டு டியூன் பண்ணினாத்தான் தெரியும். கடைசி ஃப்ரெட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் 25.5க்கு 181.7 மி.மீ., 24.75க்கு 176.4. பிரிட்ஜ் 5 மில்லிக்கு மேல முன்னால வந்தாகணும். துளை போட்டு முடிச்ச பாடியில எங்க வர? தடிச்ச கம்பிக்கு எப்படியும் சேடில் (பிரிட்ஜ்ல கம்பி ஏறி நிக்கிற துண்டு) கொஞ்சம் பின்னால நிக்கணும், அதனால அதை ஒப்பேத்திடலாம். மெல்லிய கம்பி மூணுக்கும் சேடில் முன்னால முட்டி நின்னுடுது, 12ஆவது ஃப்ரெட்ல சுருதி சேரவே இல்லை. உடனே யாராவது, 25.5 பாடியில போடுறதுக்குன்னே செய்ற 24.75 கன்வெர்ஷன் நெக்னு கமெண்ட் போடுவீங்க. தெரியும். அதுல இந்த 5 மில்லியைக் கணக்குப் பண்ணி அடிப்பக்கத்துல போர்டை நீட்டி வெச்சிருப்பாங்க. இது அதுவும் இல்லை.

இதுக்கு வந்த பதிலைக் கேளுங்க. "உங்க ஊர்ல மழை ஜாஸ்தி ப்ரோ, மரம் சுருங்கியிருக்கும்." தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு பருவமழையும் வாங்குற மாவட்டம்தான், ஒத்துக்கிறேன். ஆனா மழை ஈரத்துல மரம் உப்புமே தவிர சுருங்காது. அதுவும் அகலவாக்குலதான். பச்சை மரத்தை முழுசாக் காய வெச்சாக்கூட நீளவாக்குல 0.1, 0.2 சதவீதம் குறையும், அவ்வளவுதான். 324 மில்லிக்கு முக்கால் மில்லிகூட வராது. இங்க குறையறது ஒம்பதரை மில்லி. படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு, அதுக்கு ஒரு தம்ஸ்-அப்.

டிரஸ் ராட் கதை தனி. ஆலன் கீயைப் போட்டா ரெண்டு பக்கமும் லொட லொடன்னு சுத்துது, எங்கேயும் பிடிக்கலை. 10-46 கம்பி செட்டு சுமார் 45 கிலோ இழுவை தரும். அதைத் தாங்கிப் பிடிக்க உள்ள ஒண்ணும் இல்லாததால நெக் வில்லா வளையுது. கம்பியை முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் அழுத்திப் பிடிச்சா 7ஆவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழ இடைவெளி 0.25 மில்லிக்குள்ள இருக்க வேண்டியது, ஒரு மில்லியைத் தாண்டுது. "ராட் செட் ஆக ரெண்டு நாள் ஆகும் ப்ரோ"ன்னாரு. ராட் செட் ஆகுறதுக்கு அது என்ன தயிரா?

ஃபிங்கர்போர்டு ஈட்டி இல்லை. நட்டைக் கழட்டிப் பாருங்க, அந்தப் பள்ளத்துல சாயம் ஏறாத வெள்ளை மரம் பல்லைக் காட்டுது. இதுக்குப் பதிலே வரலை.

இப்போ அந்த வீடியோ காட்டின பிக்கப். மீட்டர்ல வர்ற எண் பொய் இல்லை, இங்கேயும் 8.2, 8.3தான் காட்டுது. ஆனா அந்த எண் சொல்றது கம்பியோட தடையை மட்டும்தான். 42 கேஜ் கம்பியை வேண்டிய அளவு சுத்தினாலும் 8கே வரும், அதைவிட மெல்லிசான 44 கேஜைக் கொஞ்சமாச் சுத்தினாலும் 8கே வரும். உள்ள என்ன காந்தம்னு மீட்டருக்குத் தெரியவே தெரியாது. அடித்தட்டு ஸ்குரூ நாலையும் கழட்டி, காந்தப் பட்டையோட ரெண்டு முனையிலயும் மீட்டரை கன்டினியூட்டியில வைங்க. அல்நிகோ உலோகம், பீப் அடிக்கும். செராமிக்ல மின்சாரம் ஓடாது. ரெண்டு பிக்கப்பும் ஊமை. செராமிக் கெட்டதுன்னு சொல்லலை, அதுலயும் நல்ல பிக்கப் இருக்கு. அல்நிகோன்னு 5,200 வாங்கிட்டு அதை அனுப்புறதுக்குப் பேருதான் திருட்டு. மெழுகும் ஏத்தலை. பிக்கப்பை விரலால தட்டினா சத்தம் ஆம்ப்ல கேக்குது, கெயின் கூட்டினா கீச்சுன்னு கத்துது.

நாலு வயர்னு சொன்னாரு, டங்கன் (பிக்கப் கம்பெனி) கலர் கோடுன்னும் சொன்னாரு. கருப்பு ஹாட் (சிக்னல் போற வயர்), வெள்ளையும் சிவப்பும் சேர்த்து முடிஞ்சு விடணும், பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்ட். வந்தது ஒத்தை வயரும் ஷீல்டும். அப்போ புஷ்-புல் பாட் எதுக்கு? ரெண்டு காயிலும் சேர்ற இடத்தோட வயர் வெளியே வந்தாத்தானே ஒரு காயிலைப் பிரிக்க முடியும்! "உள்ள திறந்து ஒரு வயர் இழுத்துக்கோங்க, ஈஸிதான்"னு பதில். தலைமுடியைவிட மெல்லிசான கம்பி, அறுந்தா காயில் காலி. அதைச் செய்றதுக்கா 18,500?

வயரிங் செட்டைப் பத்தி ரொம்பச் சொல்ல இஷ்டமில்லை. பாட் மேல A500K அச்சு இருக்கு. குமிழைப் பாதி திருப்பி நடுக்காலையும் ஓரக்காலையும் அளந்தா 250கே. ஆடியோ டேப்பர்னா ஒரு பக்கம் 50ல இருந்து 75கேக்குள்ள வரணும். அச்சு மட்டும் A, உள்ள லீனியர். (மொத்த அளவு 500க்குப் பதில் 440 காட்டினா அதுக்குச் சண்டைக்குப் போகாதீங்க, 20 சதவீதம் முன்ன பின்ன இருக்கிறது வழக்கம்.) பாட்டோட மரை போட்ட கழுத்து 7 மில்லி, 9.5 துளையில ஆடுது. துளையைக் கேட்டு எழுதி வாங்கின அதே ஆள்! கெபாசிட்டர்ல 223ன்னு இருக்க வேண்டிய இடத்துல 104. அது 0.1, டோனைக் குறைச்சா சத்தம் கம்பளிக்குள்ள போயிடும். பாட் முதுகுல கிரவுண்ட் சால்டர் எல்லாம் மங்கலா உருண்டை உருண்டையா நிக்குது. 25 வாட் அயர்ன்ல அந்த உலோகம் சூடாகாது, நகத்தால தள்ளினாலே பெயருது.

பொறவு நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். முதல்ல "கூரியர்ல அடிபட்டிருக்கும்". அடிபட்டா காந்தம் மாறுமான்னு கேட்டதும் "செக் பண்றேன் ப்ரோ". அடுத்து "கஸ்டம் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது". ஆர்டர் பண்ணின அளவே இல்லாததை எப்படிக் கஸ்டம்னு சொல்றீங்கன்னு கேட்டதுக்கு, "18,500க்கு இவ்ளோ பேசுறீங்க"ன்னு ஒரு வாய்ஸ் நோட். அதோட பிளாக். பைசா போனது ஒரு தனிநபர் கணக்குக்கு, பக்கத்தோட பேருல இல்லை.

எப்படி வாங்கணும்னு விளக்கமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்போ பொறுமை இல்லை. நெக் வாங்கினா நட்டுல இருந்து 12ஆவது ஃப்ரெட் வரைக்கும் ஸ்கேல் வெச்சு, ஆலன் கீயைத் திருப்பி, ஒரே வீடியோவா கேளுங்க. பிக்கப்புக்கு ஓம் எண் காட்டினா மயங்காதீங்க, காந்தத்துல பீப் கேளுங்க. பில் தராதவனுக்கு முன்பணம் வேண்டாம். பார்சலை வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. ஏமாந்தது தெரிஞ்ச உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க, நுகர்வோர் உதவிக்கு 1915. நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. விக்கிறவன் எந்த ஊரா இருந்தாலும் நாம இருக்கிற ஊர்ல வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. அந்த ஆளோட பேசின மெசேஜ் எதையும் அழிச்சிடாதீங்க.

இன்னொண்ணு. இதே நெக் ஃபோட்டோ, பச்சை கட்டிங் மேட் மேல ஓரத்துல ஒரு சிவப்பு ஸ்குரூடிரைவர் கிடக்கும், வேற பேருல இன்னொரு பக்கத்துலயும் ஓடுது. அங்க விலை 8,999னு போட்டிருக்கு.